திருப்புறத்துச் சாலையில் பழைய ஜீப்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றங்கரைக்குத் தெற்கே அமைந்த சிற்றூர் திருப்புறம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றங்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்ததேயன்றி உறவு பிரியவில்லை. 1979-இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இருப்புப்பாதை திறக்கப்பட்டது முதல், விடுப்பில் ஊர் திரும்புவோர்க்குப் பாறசாலை நிலையம் வாயிலாயிற்று.

அவ்வாறு வருவோருள் சிலர், முதியோரின் போக்குவரத்துக்கெனப் பழைய ஜீப்பொன்றை வாங்கி வீட்டில் விட்டுச் செல்கின்றனர். நான்கு சக்கரங்களும் விசைபெறும் அத்தகைய வண்டியொன்றில், சென்ற ஆனி மாத மழையில், பாறசாலையிலிருந்து திருப்புறம் சென்றோம். பட்டறை மேஸ்திரி ஒருவர் வண்டியைச் செலுத்தினார்.

புறப்படும்போதெல்லாம் அடியில் "டக்" என்றொரு தட்டல். வேகம் ஏற ஏற ஒரு முனகல். "ஓசையைக் கேட்டதும் எதையும் கழற்றலாகாது, அது எப்போது எழுகின்றது என்று பாருங்கள்" என்றார் மேஸ்திரி. கிளட்சை விடுகையில் தட்டினால், விசையைக் கடத்தும் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் தேய்ந்திருக்கக் கூடும். வேகத்தோடு வளர்ந்து, வளைவில் மாறும் முனகல் பெரும்பாலும் சக்கர பேரிங்கினுடையது. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இரும்பு உரசினால், லைனிங் தேய்ந்து ஆணித்தலைகள் டிரம்மைக் கீறுகின்றன எனலாம். உலர்ந்த தார்ச்சாலையில் முன்சக்கரங்களுக்கும் விசை கொடுத்து ஓட்டினால், வளைவுகளில் வண்டி இறுகித் திணறும். அது பழுதன்று, ஓட்டும் முறையின் குறையே.

எனினும், ஓசையினும் அஞ்சத்தக்கது ஓசையில்லாக் குறை. ஓர் இறக்கத்தில் பிரேக் மிதி வழக்கத்தினும் தாழ இறங்கிற்று. வண்டி இடப்புறம் இழுத்தது. மேஸ்திரி உடனே கியரைக் குறைத்து ஓரமாக நிறுத்தினார். டிரம்மில் மழைநீர் புகுந்திருப்பின், சில முறை மிதித்தால் உலர்ந்துவிடும். இங்கோ எண்ணெய்க் கலத்தில் அளவு குறைந்திருந்தது. வலப்பக்க முன்சக்கரத்தின் உட்புறம் நனைந்திருந்தது. சக்கர சிலிண்டரின் ரப்பர் கசிந்து, லைனிங்கும் ஊறிப்போயிருந்தது. அதை மாற்றிய பின்னரே பயணம் தொடர்ந்தது.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இதில் ஒரு வேற்றுமை புலனாயிற்று. ரயிலின் பிரேக் குழாய் அறுந்து காற்று வெளியேறினால், பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். பழைய ஜீப்பிலோ நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்வழி. ஓரிடத்தில் உடைந்தால் கால் பிரேக் முழுவதும் போய்விடும். ரயில் பழுதுற்றால் நிற்கும். ஜீப் பழுதுற்றால் நில்லாது. அவ்வளவு காவலுள்ள ரயிலையே பிரேக்கைச் சோதித்துச் சான்றெழுதிய பின்னர்தான் நாங்கள் அனுப்புகிறோம்.

ஆதலின், பழைய வண்டி வாங்கும் அன்பர்கள் வண்ணப்பூச்சைப் பின்னர் காண்க. நின்ற வண்டியில் பிரேக் மிதியை ஒரு நிமிடம் அழுத்தி வைத்திருங்கள். மெல்லத் தாழ்ந்தால் கசிவோ, மாஸ்டர் சிலிண்டரின் குறையோ உண்டு. பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். எண்ணெய் அளவையும், நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் நோக்குங்கள். கைபிரேக்கை மேட்டில் நிறுத்திச் சோதியுங்கள்.

நாம் அனுப்பும் பணத்தில் வாங்கிய வண்டியில் நாம் ஏறுவது ஆண்டில் சில நாட்களே. மற்ற நாட்களில் ஏறுவோர் நம் பெற்றோரும் பிள்ளைகளுமாவர்.