திரும்பி வந்த கலமும் தொலைந்த அகராதியும்

விண்கலம் என்றதும் நாங்கள் அண்ணாந்து பார்க்கிறோம். அதன் பாதி உயிர் நிலத்தில் இருப்பது எங்களுக்கு உடனே தோன்றுவதில்லை. கலம் அனுப்புவது ஒன்றும் பூச்சியமும்தான். அவற்றில் எது வெப்பநிலை, எது மின்னழுத்தம் என்று பிரித்துச் சொல்லும் அட்டவணையும் மென்பொருளும் நிலத்திலே உள்ளன. அவை தொலைந்தால் கலம் பேசிக்கொண்டேயிருக்கும். கேட்பவருக்கு அது வெறும் இரைச்சல்.

ஐ.எஸ்.ஈ.ஈ-3 என்ற கலத்துக்கு இதுதான் நடந்தது. 1978 ஆகஸ்டில் ஏவப்பட்ட அது சூரியக் காற்றை அளந்தது. 1985 செப்டெம்பரில் ஜியாகோபினி-சின்னர் என்ற வால்வெள்ளியின் வாலினூடாகப் போனது. வால்வெள்ளியொன்றை அப்படி நெருங்கிய முதற் கலம் அதுவே. 1997 இல் நாசா அதன் பணியை முடித்துக்கொண்டது. 1999 இல் அதற்குக் கட்டளை அனுப்பும் கருவிகள் கழற்றப்பட்டன. ஆனால் கலம் மௌனமாகவில்லை. அது இன்னமும் ஒலிபரப்பிக்கொண்டிருப்பதை 2008 இல் கண்டுபிடித்தார்கள். 2014 இல் அது பூமிக்கு அருகே வரவிருந்தது. வருகிறவருடன் பேசத்தான் இங்கே ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

அந்த வேலையைத் தன்னார்வலர்கள் எடுத்துக்கொண்டார்கள். பொதுமக்களிடம் ஏறத்தாழ 160,000 டொலர் சேர்ந்தது. கலிபோர்னியாவில் மூடப்பட்டுக் கிடந்த ஒரு மக்டொனால்ட்ஸ் கடைதான் அவர்களுடைய கட்டுப்பாட்டு அறை. பழைய கருவிகளைத் திரும்பவும் செய்ய வழியில்லை. ஆகவே அவற்றின் வேலையை மென்பொருளாக எழுதினார்கள். க்னூ ரேடியோ என்ற, எவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடிய மென்பொருள் அதற்கு அடித்தளமானது. ஜேர்மனியில் போகும் நகரத்துப் பெரிய அன்ரெனாவில் அமெச்சூர் வானொலிக்காரர்கள் கலத்தின் குரலைப் பிடித்தார்கள். கலத்திலே கணனி இல்லை. ஒவ்வொரு அசைவுக்கும் நிலத்திலிருந்து கட்டளை போகவேண்டும். எந்தக் கட்டளைக்கு எந்த இலக்கம் என்பதைப் பழைய ஆவணங்களிலிருந்து பொறுக்கினார்கள்.

2014 மே 29 அன்று புவர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவிலிருந்து அவர்கள் கூப்பிட்டார்கள். கலம் பதில் சொன்னது. யூலை 2 இல் அதன் உந்திகள், 1987 இற்குப் பிறகு முதற்தடவையாக, இயங்கின. ஆனால் சில நாட்களில் பாதையை மாற்ற முயன்றபோது அவை ஒத்துழைக்கவில்லை. எரிபொருளைத் தள்ளும் வாயு தீர்ந்திருக்கவேண்டும் என்று கருதினார்கள். ஆகஸ்ட் 10 இல் சந்திரனைக் கடந்து கலம் தன் வழியே போய்விட்டது. செப்டெம்பர் 16 இற்குப் பின் தொடர்பில்லை.

தோல்விதானே என்று சிலர் கேட்கலாம். அப்படி முடிவுகட்ட எங்களால் முடியவில்லை. கலம் அழிவதும் கலத்தின் மொழி அழிவதும் ஒன்றல்ல. முன்னதைத் தடுக்க எவராலும் முடியாது. பின்னதை மனிதர் சேர்ந்தால் தடுக்கலாம்.

எங்களுக்கு இது வெறும் உவமை அல்ல. தொண்ணூறுகளில் நாங்கள் பாரிசிலும் ஒஸ்லோவிலும் ரொறொன்ரோவிலும் சஞ்சிகைகளைக் கணனியில் அச்சுக்கோர்த்தபோது ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். ஒருவரின் டிஸ்க்கை இன்னொருவர் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். உள்ளே கவிதை இருக்கும், யாரோ ஒருவரின் சாட்சியம் இருக்கும். பாமினி போன்ற எழுத்துருக்களை யூனிகோட்டுக்கு மாற்றும் நிரல்களைப் பல நாடுகளிலிருந்து பலர் ஊதியமின்றி எழுதிப் பகிர்ந்ததால்தான் அந்தக் குப்பை திரும்பவும் தமிழாகிறது. அட்டவணையை எவரும் எழுதி வைக்காத எழுத்துருவில் அடித்தது, டிஸ்க் பழுதில்லாமல் இருந்தும், ஊமையாகவே கிடக்கும்.

ஊரைவிட்டு வந்தவர்கள் பொருட்களைக் காப்பாற்றுவதையே பெரிதாக நினைப்பதுண்டு. பெட்டியோடு திறப்பையும் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அந்தத் திறப்பு ஒருவர் சட்டைப்பையில் இருப்பதைவிடப் பத்துப்பேர் கையில் இருப்பது பாதுகாப்பு.