அத்தையைப் படம் எடுக்க 25 நிமிடம்

பல வீடுகளில் சுவரில் மாலையோடு தொங்கும் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ரேஷன் கார்டுக்கோ ஆதாருக்கோ பேங்க் பாஸ்புக்குக்கோ எடுத்த படமாகத்தான் அது இருக்கும். ‘ஆடாம அசையாம நேராப் பாருங்க’ என்று யாரோ சொன்னபோது விறைத்துப்போன முகம். அறுபது வருடம் சிரித்து, திட்டி, கதை பேசிய ஒரு மனிதர் கடைசியில் அந்த ஒரு நொடியாக நின்றுவிடுகிறார்.

ஓசூரில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணின் வீட்டிலும் அப்பா அப்படித்தான் இருக்கிறார். அவர் போன அன்று அவசரத்தில் அகப்பட்டது அடையாள அட்டைப் படம் மட்டும்தான். ஸ்டூடியோவில் அதைப் பெரிதாக்கி, பின்னால் நீல வண்ணம் அடித்து, கம்ப்யூட்டரிலேயே ஒரு புதுச் சட்டையும் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று வருடமாக அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குள் ஒரே நெருடல். அப்பா எதையாவது ஆர்வமாகக் கேட்கும்போது வாயை இடது பக்கம் லேசாகக் கோணிக்கொள்வார். அந்தக் கோணல் எந்தப் படத்திலும் இல்லை.

அது இன்னும் மிச்சம் இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான். கோவில்பட்டியில் இருக்கும் அத்தையின் முகத்தில். அப்பாவின் அக்கா. வயது 74. கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உதட்டை இறுக்கி, பாஸ்போர்ட் சைஸ் முகமாக மாறிவிடும் ரகம்.

திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். ஓசூரிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வேனில் கிளம்புவதாக ஏற்பாடு. மூட்டுவலியால் அத்தையால் வர முடியாது. அதனால் போகிற வழியில் கோவில்பட்டியில் நிறுத்தி, ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று முடிவானது. டிரைவர் கணக்குப்படி 25 நிமிடம். அதற்குள் காபி, விசாரிப்பு, கடலைமிட்டாய்ப் பொட்டலம் எல்லாம் முடிய வேண்டும். படமும் எடுத்தாக வேண்டும்.

சித்தப்பா மகன் கல்யாண போட்டோகிராபர். அவன் தன்னுடைய 70-200 ஜூம் லென்ஸைத் தூக்கிக் கொடுத்தான். “அக்கா, இதைக் கொண்டு போங்க. தூரத்துல இருந்தே எடுத்துடலாம். அத்தைக்குத் தெரியவே தெரியாது.” கூடவே ஒரு ஃப்ளாஷையும் நீட்டினான்.

அவள் அத்தை வீட்டு முன்னறையை நினைத்துப் பார்த்தாள். பத்தடிக்குப் பத்தடி ஓட்டு வீடு. அதில் ‘தூரத்தில்’ என்று எங்கே போய் நிற்பது? ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் அந்த லென்ஸை முகத்துக்கு நேரே நீட்டினால் அத்தைக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? ஃப்ளாஷ் ஒரு முறை மின்னினால் போதும், அதற்குப் பிறகு அத்தை அடுத்த மின்னலுக்காகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பார்.

இந்தக் குழப்பத்தில் அவளுக்கு வழி காட்டியவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. ஜேன் பௌன். 1925-ல் பிறந்தவர். லண்டனின் ‘அப்சர்வர்’ பத்திரிகைக்கு 1949-ல் படம் எடுக்கத் தொடங்கி, அறுபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தவர். முதலில் எடுத்த பிரமுகர், தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். 2006-ல் எலிசபெத் ராணியின் எண்பதாவது பிறந்தநாளுக்கும் படம் எடுத்தார். பெரும்பாலும் அவருக்குக் கிடைத்தது பத்து, பதினைந்து நிமிடம்தான். நிருபர் பேட்டி எடுத்துக்கொண்டிருப்பார். ஜேன் பௌன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே எடுத்து முடித்துவிடுவார்.

அவ்வளவு பெரிய மனிதர்களை எடுக்கப் போனவர் என்ன கொண்டு போனார்? மூட்டை மூட்டையாகச் சாமான் இல்லை. மார்க்கெட்டுக்குப் போவதுபோல ஒரு கூடை அல்லது பை. அதற்குள் கேமரா. பிற்காலத்தில் அவர் கையில் இருந்தது ஒலிம்பஸ் ஓஎம்-1 என்கிற சின்ன ஃபிலிம் கேமரா. அதில் பெரும்பாலும் 85 எம்எம் லென்ஸ். ஃப்ளாஷ் கிடையாது, ஜன்னல் வெளிச்சம்தான். லைட் மீட்டரைக்கூட அதிகம் நம்பவில்லை. தன் கையை மடக்கி, புறங்கையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு ஷட்டர், எஃப் 2.8 அபர்ச்சர். இதுதான் அவருக்குப் பிடித்த கணக்கு. வெளிச்சம் எங்கே அதற்குப் பொருந்துகிறதோ, அங்கே ஆளை உட்கார வைப்பார்.

1976-ல் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டை எடுக்கப் போனார். லண்டன் ராயல் கோர்ட் தியேட்டர். பெக்கெட்டுக்குப் படம் என்றாலே ஆகாது. வேண்டாம் என்று நழுவிப் போனவரைப் பக்கவாட்டுச் சந்தில், மேடைக் கதவருகே பிடித்தார் ஜேன் பௌன். ஐந்தே ஐந்து கிளிக். சுருக்கம் விழுந்த அந்த முகம் இன்று உலகம் முழுக்கத் தெரியும். பையைத் திறந்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால் பெக்கெட் தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

இதைப் படித்ததும் அவளுடைய கேள்வி மாறிப்போனது. ‘எது நல்ல லென்ஸ்?’ என்பது போய், ‘எதைக் கொண்டு போனால் அங்கே கேமராவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்?’ என்றானது.

அவளிடம் இருந்தது சாதாரண மிரர்லெஸ் கேமரா. சென்சார் சின்னது. அதனால் 50 எம்எம் லென்ஸைப் போட்டால், பெரிய சென்சார் கேமராவில் 75 எம்எம் போட்டதுபோல வரும். ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்தால் தலையும் தோளும் அழகாக அடங்கும். அது எதிர் எதிரே உட்கார்ந்து பேசுகிற தூரம். பழைய 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வீட்டிலேயே இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். அதுவே போதும். ஜூமும் ஃப்ளாஷும் தம்பியிடமே திரும்பிப் போயின.

வேனிலேயே எல்லாவற்றையும் செட் பண்ணிக்கொண்டாள். எஃப் 1.8-ல் வைத்தால் ஒரு கண் தெளிவாக இருக்கும்போது காது மங்கிவிடும். அதனால் எஃப் 2.8. பேசுகிற முகம் ஓயாமல் அசையும், எனவே ஷட்டர் 250-ல் ஒரு பங்கு. ஐஎஸ்ஓவை 3200 வரை கேமராவே ஏற்றிக்கொள்ளட்டும் என்று விட்டாள். படத்தில் கொஞ்சம் புள்ளி வந்தால் பரவாயில்லை, அசைந்துபோனால்தான் வீண். சத்தமில்லாத ஷட்டரைப் போட்டாள். அதில் ஒரு சிக்கல் உண்டு. டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் படத்தில் கோடு கோடாக விழலாம். அதனால் வாசல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பது என்று தீர்மானம்.

இன்னொரு வேலையை முந்தின இரவே முடித்திருந்தாள். அத்தைக்கு போன்.

“அத்த, நாளைக்கு வரும்போது உங்கள போட்டோ எடுக்கட்டுமா?”

“என்னையவா? எனக்கெதுக்குட்டி போட்டோ?”

“எனக்கு வேணும் அத்த.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரி, எடுத்துக்கோ. நிக்க வச்சி, நிமிர வச்சின்னு பாடாப் படுத்தக் கூடாது.”

இயல்பாக எடுப்பது என்றால் திருட்டுத்தனமாக எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டால், நேரில் அதைப் பற்றி ஒரு பேச்சும் வேண்டியதில்லை.

வேன் நின்றது. கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டே உள்ளே போனாள். பையிலிருந்து எடுத்தால்தானே ‘எடுக்கப் போகிறாள்’ என்று தோன்றும்? கழுத்தில் கிடந்தால் ஐந்து நிமிடத்தில் அதுவும் ஒரு சங்கிலி மாதிரி ஆகிவிடும். முதல் பத்து நிமிடம் அதைத் தொடவே இல்லை. சொந்தங்கள் கும்பலாக விசாரித்து, காபி குடித்து, பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்.

வாசல் பக்கத்தில், வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுகிற மாதிரி ஒரு பாயை விரித்தாள். சுளகில் முருங்கைக்கீரை இருந்தது. “குடுங்க அத்த, ரெண்டு பேரும் ஆயலாம்.” கைக்கு வேலை வந்ததும் அத்தையின் முகம் தளர்ந்தது. முந்தானையை இழுக்கக் கை ஒழியவில்லை.

“அப்பா சின்னப் புள்ளையில ரொம்ப சேட்டையா அத்த?”

அத்தை ஆரம்பித்தார். கிணற்றில் குதித்தது, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் டெண்ட் கொட்டகைக்குப் போனது, மாட்டிக்கொண்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது. அவள் கேட்டுக்கொண்டே, கேமராவை மடியிலிருந்து முகத்துக்கு உயர்த்தி எடுத்தாள். இறக்கினாள். மறுபடியும் எடுத்தாள். அத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, “எடுக்கியா? சரி, கேளு” என்று கதையைத் தொடர்ந்தார். மொத்தம் நாற்பது படம் இருக்கும். வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

திருநெல்வேலி போகும் வழியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண் மூடியவை, வாய் பாதி திறந்தவை, கீரை மட்டும் தெளிவாக விழுந்தவை என்று பெரும்பாலானவை கழிந்தன. மூன்று தேறின. அதில் ஒன்று, பதில் சொல்லும் படமே இல்லை. அவள் ஏதோ கேள்வி கேட்க, அத்தை காம்பைக் கிள்ளாமல் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருக்கும் நொடி. வாய் இடது பக்கம் லேசாகக் கோணியிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேமரா இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை, கையில் இருக்கும் போனே போதும். போனின் முக்கிய லென்ஸ் அகலமானது. அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். எனவே ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்து 2எக்ஸ் வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய லென்ஸை வேட்டி நுனியாலோ கைக்குட்டையாலோ துடைத்துவிடுங்கள். ஃப்ளாஷையும் கிளிக் சத்தத்தையும் அணைத்துவிடுங்கள். நைட் மோடு வேண்டாம், பேசுகிற முகம் கலங்கிப்போகும். போர்ட்ரெய்ட் மோடு சில நேரம் முடியையும் கம்மலையும் தின்றுவிடும், அதனால் சாதாரண மோடிலும் சில எடுங்கள். அவரை வாசல் பக்கமாக உட்கார வைத்து, கையில் ஒரு வேலை கொடுத்து, உங்களுக்கு நிஜமாகவே பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

அந்தப் படத்தை ஆறுக்கு எட்டு சைஸில் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பினாள். போனில் படம் பார்க்கும் பழக்கம் அத்தைக்கு இல்லை. நான்கு நாள் கழித்து அழைப்பு வந்தது.

“போட்டோ வந்துச்சி. கீரைச் சுளகோட எடுத்துருக்க, கிறுக்கி.”

“நல்லா இல்லையா அத்த?”

“நம்ம தம்பி ஒக்காந்துருக்க மாதிரி இருக்கு.” அத்தை ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார். “இன்னொண்ணு போட்டு அனுப்பு தாயி. மதுரையில மக கேக்கா.”