தண்ணீரில் இறங்கும் செருப்பு

செருப்பைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். பரதன் அதைச் சிம்மாசனத்தில் ஏற்றிவைத்துப் பதினான்கு வருஷம் ராஜ்யபாரம் நடத்தினான். நான் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. காலில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் செருப்புக்கும் தண்ணீருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நடவுக்கு இறங்குகிறவர்கள் அதை வரப்பில் கழற்றி வைத்துவிடுவார்கள். கண்மாயில் மீன் பிடிக்கப் போகிறவனும் கரையிலேயே விட்டுவிட்டு இறங்குவான். செருப்புக் காலோடு தண்ணீரில் நிற்பவனைக் கண்டால், "இவனுக்கு என்ன வந்தது?" என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதிலே நியாயமும் உண்டு. வெறுங்கால் ஒரு கருவி. சேற்றின் ஆழத்தை அது அளக்கும். பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஓர் அங்குலம் முன்னதாகவே சொல்லும். பாசிக்கல்லில் கட்டைவிரல் தானாகவே மடங்கிப் பற்றிக்கொள்ளும். எந்தக் கடையிலும் இந்தச் சாமான் கிடைக்காது.

ஆனால் அந்தக் கருவி பழுதாகிவிட்டால்?

தேவாரத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேற்கே எழுந்து நிற்கும் மலைச் சுவருக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. சுவருக்கு அந்தப் புறம் கேரளத்தின் ஏலத் தோட்டங்கள். விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். எங்களுக்கென்று ஆறு கிடையாது, கண்மாய்கள்தாம். ஆறு வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பண்ணைப்புரம், கோம்பை தாண்டி உத்தமபாளையம் போக வேண்டும். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையினால் மேற்குக் கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்துகொண்டு கிழக்கே வந்து, முல்லைப் பெரியாறாக அங்கே ஓடுகிறது. நான் பிழைப்புக்குக் கதை எழுதுகிறேன்; சந்தோஷத்துக்குத் தூண்டில் போடுகிறேன். கண்மாயில் கெளுத்தியும் விராலும், ஆற்றில் கெண்டையும்.

எனக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. முழங்கால் தண்ணீரில் நாள் முழுவதும் நிற்பார். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது; அதை அவர் ஒரு விருந்தாளியைப் போலத்தான் நடத்தினார், அதாவது அது என்ன செய்கிறது என்று கேட்பதில்லை. ஒருநாள் கண்மாயிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து, பிடித்த மீனைப் பெரியம்மாவிடம் கொடுத்தார். பெரியம்மா மீனைப் பார்க்கவில்லை. தெருவிலிருந்து திண்ணை வரைக்கும் ரத்தத்தில் பதிந்திருந்த ஒற்றைக்கால் சுவடுகளைப் பார்த்தார். யாரோ குடித்துவிட்டு எறிந்த பாட்டிலின் ஓடு உள்ளங்காலில் ஏறி, அவர் அதோடேயே வீடு வரை நடந்து வந்திருக்கிறார். "வலிக்கலையே" என்றார் பெரியப்பா, ஏதோ அது தன் சாமர்த்தியம் போல. மூன்று மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். தூண்டிலைப் பற்றிப் பேசவே மாட்டார்.

நாற்பத்து நான்காவது வயதில் அந்த விருந்தாளி என் வீட்டுக்கும் வந்து சேர்ந்தார். டாக்டர் என்னைப் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் ஸார்" என்றார். பாதத்தில் எதையோ வைத்து அழுத்தினார். "தெரிகிறது… தெரிகிறது…" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் செய்யாமல் நிற்கிறார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். அவர் சும்மா நிற்கவில்லை. என் கட்டைவிரலின் அடியில் அழுத்திக்கொண்டிருந்தார்.

அவர் கையில் இருந்தது என்ன தெரியுமா? ஒரு சின்னப் பிடியில் செருகிய நைலான் இழை. 10 கிராம் பாரம் ஏறியதும் வளைந்துகொடுக்கிற மாதிரி செய்யப்பட்டது. அது வளைகிற அளவுக்கு அழுத்தியும் தெரியவில்லை என்றால், அந்த இடத்தில் காவலாளி தூங்கிவிட்டான் என்று அர்த்தம். எனக்கு உடனே தோன்றியது வேறு. நைலானை 1938-இல் அமெரிக்காவில் டூப்பாண்ட் கம்பெனி உலகத்துக்கு அறிவித்தது. கொஞ்ச நாளிலேயே அது தூண்டிலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதைத்தான் நாங்கள் தூண்டில் நரம்பு என்கிறோம். முப்பது வருஷமாக நான் கையில் பிடித்துவந்த அதே நரம்பைக்கொண்டு டாக்டர் என் காலின் நரம்பைச் சோதித்துக்கொண்டிருந்தார்! தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தவன் யாரோ, புத்திசாலி.

"இனி வெறுங்காலோடு வீட்டுக்குள்ளேகூட நடக்கக் கூடாது" என்றார் டாக்டர். தூண்டில் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கரையில் இருந்தே போட முடியாதா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, காலில் புண்ணோ வெடிப்போ இல்லாத நாளில், மூடிய பூட்ஸ் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் மட்டும் என்று வரம் கொடுத்தார். தேங்கின தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி வெடிப்பு வழியாக ஏறிவிடும், விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும் என்று எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஆரம்பித்தது என் செருப்பு வேட்டை.

இதைப் பற்றி விசாரிக்கப் போனவனுக்கு வேலூரில் ஒரு பெரிய மனிதர் கிடைத்தார். நேரில் அல்ல, அவர் 2003-இலேயே காலமாகிவிட்டார். டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளை. லண்டனில் வைத்தியம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. அப்படியல்ல, வலி தெரியாமல் போனதால் அடியும் சூடும் காயமும் பட்டுப் பட்டுத்தான் அவை அழிகின்றன என்று அவர் எடுத்துக் காட்டினார். அதனால் அறுவைச் சிகிச்சையோடு நிற்காமல் செருப்பையும் ஆராயத் தொடங்கினார். வேலூரிலும் கரிகிரியிலும் அவரும் அவருடைய தோழர்களும் பாடுபட்டதன் பலன்தான், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரில் செய்யும் பாதுகாப்புச் செருப்பு. 1966-இல் அவர் அமெரிக்காவுக்குப் போய், அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் இதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

அவரே எழுதிவைத்த சம்பவம் ஒன்று உண்டு. நீண்ட பிரயாணத்துக்குப் பிறகு லண்டனில் ஓர் இரவு காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடியும் குத்தினார், சுரீரென்று வலித்தது. அந்த வலியைப் போல இனிமையான ஒன்றைத் தாம் அனுபவித்ததே இல்லை என்கிறார். வீட்டுக்கு வந்து என் கட்டைவிரலில் ஊசியை வைத்துப் பார்க்கலாமா என்று ஆசை வந்தது. மனைவி ஊசியை ஒளித்துவைத்துவிட்டாள்.

அந்த ரப்பருக்கு எம்.சி.ஆர். என்று சுருக்கப் பெயர். நான் கடையில் கேட்டபோது, "எம்.ஜி.ஆர். செருப்பா? அப்படி ஒண்ணும் வரலையேண்ணே" என்றான் பையன். ஆஸ்பத்திரி மூலமாகத்தான் வாங்கினேன். வீட்டுக்கும் தெருவுக்கும் அமிர்தம். ஆனால் அது பட்டை வைத்த திறந்த செருப்பு; தண்ணீரில் இறங்கினால் பொடிக்கல் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். உணர்ச்சியுள்ள காலாக இருந்தால் உடனே உதறும். என் கால் அதை மடியில் வைத்துத் தாலாட்டும்.

அடுத்தபடியாகப் பலரும் சிபாரிசு செய்தது கம்பூட்ஸ். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். முதல் உலக யுத்தத்தின் பதுங்கு குழிச் சேற்றுக்காக ஸ்காட்லாந்தில் ஒரே கம்பெனி 11 லட்சம் ஜோடிக்கு மேல் செய்துகொடுத்த சாமான். மலைத் தோட்டத்தில் அட்டைக்கும் பாம்புக்கும் பயந்து இன்றும் போடுகிறார்கள். தோட்டத்துக்குப் போகும் என் அக்காள் மகனிடம் கேட்டேன். "மாமா, அது மலைக்குச் சரி; கண்மாய்க்கு ஆகாது" என்றான். ஆகவில்லைதான். சேறு அதைக் கவ்விக்கொண்டது. நான் மட்டும் வெளியே வந்தேன், பூட்ஸ் உள்ளேயே நின்றது.

இந்த இடத்தில் ஒரு பரவலான பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்தால் ஆளை அடியில் இழுத்துவிடும் என்பார்கள். யோசித்துப் பாருங்கள்: தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்குப் பாரம் ஏது? ஆபத்து வேறு விதமானது. நிறைந்த பூட்ஸை ஓட்டம் பிடித்துத் தள்ளும். கரையேறும்போதுதான் உள்ளே இருக்கும் தண்ணீர் முழுப் பாரத்தையும் காட்டும். முல்லையாற்றில் மேலே நீர்திறப்பைக் கூட்டினால் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் ஏறும். அந்த நேரத்தில் சட்டென்று கரையேற முடியாத கால் உதவாத கால். ஆகவே தண்ணீர் உள்ளே வராத பூட்ஸைத் தேடுவதைவிட, வந்த தண்ணீர் உடனே வெளியேறுகிற பூட்ஸைத் தேடுவதே புத்தி.

மேல்நாட்டில் ஓடை மீன் பிடிக்கிறவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுடைய பூட்ஸில் பக்கவாட்டில் துளை உண்டு. அடியில் தடித்த கம்பளி அட்டை ஒட்டியிருக்கும். வழுக்குப் பாசியில் ரப்பர் சறுக்கும். கம்பளி பாசியை ஊடுருவிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கம்பளியில் ஈரம் காயாது; ஓர் ஆற்றுப் பாசி அதில் ஒளிந்துகொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். 2004-இல் நியூஸிலாந்து ஆறுகளில் அயல்நாட்டுப் பாசி ஒன்று பரவியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2008-இல் அங்கே கம்பளி அடியையே தடை செய்துவிட்டார்கள். இரும்பு ஆணி அடித்த பூட்ஸும் உண்டு. அது எனக்கு வேண்டவே வேண்டாம். ஆணி உள்ளே திரும்பினால் மற்றவன் துள்ளுவான். நான் அதன்மேலேயே நின்று மீன் பிடித்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் வனக்காவலர்கள் போடுகிற கணுக்கால் உயரக் கான்வாஸ் பூட்ஸை வாங்கினேன். விலை மலிவு, நனைந்தால் தோலைப் போல விறைக்காது. வாங்கிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். சாயங்காலம் போனேன், அந்த நேரத்துக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் நிஜமான அளவு. உணர்ச்சி குறைந்த காலுக்கு இறுக்கமான செருப்புத்தான் 'கச்சிதமாக' இருப்பதாகத் தோன்றும். அந்தக் கச்சிதம்தான் எமன். அதனால் காலை நம்பவில்லை. தாளில் நின்று பென்சிலால் பாதத்தை வரைந்து, கத்தரித்து, அந்தத் தாளைப் பூட்ஸுக்குள் விட்டுப் பார்த்தேன். எங்கேயும் மடங்கக் கூடாது. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் மிஞ்ச வேண்டும். உள்ளே எம்.சி.ஆர். தளமும் தடித்த காலுறையும் போக வேண்டும் என்பதால் ஒரு நம்பர் பெரிதாகவே எடுத்தேன்.

மிச்ச வேலையைச் செய்தவர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். விஷயத்தைச் சொன்னதும், "தண்ணிக்குள்ள போடவா தம்பி?" என்று கேட்டார், சிரிக்கவில்லை. பூட்ஸை வாங்கி வளைத்துப் பார்த்தார். "பசையில நிக்கிது, பத்து நாள்ல வாயைப் பிளந்துரும்" என்று சொல்லி, அடியைச் சுற்றி நைலான் நூலில் தைத்தார்; பருத்தி நூல் தண்ணீரில் இற்றுவிடுமாம். பக்கத்துக்கு இரண்டாகத் துளை போட்டுப் பித்தளை வளையம் அடித்தார். உள்பக்கம் விரலை விட்டுத் தடவி, தையல் முடிச்சு ஒன்று உறுத்துவதைக் கண்டுபிடித்து, என்னைக் கேட்காமலேயே பிரித்து மறுபடியும் தைத்தார். நான் காலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. "எங்க வீட்டுக்காரிக்கும் சுகர்தான்" என்றார், தலை நிமிராமல்.

பாசிக்கல்லுக்கு அவரே ஒரு யுக்தி சொன்னார். கீதாரிகள் போர்த்துகிற பழைய கம்பளியை நாலு மடிப்பாகத் தைத்து, வாரோடு சேர்த்து, பூட்ஸுக்கு மேலே கட்டிக்கொள்ளும்படி செய்துகொடுத்தார். ஆற்றில் அதைக் கட்டிக்கொள்கிறேன். கண்மாய்ச் சேற்றில் அவிழ்த்துவிடுகிறேன். ஜப்பானில் மலை ஓடை ஏறுகிறவர்கள் வைக்கோல் செருப்பு கட்டிக்கொள்வார்கள் என்று பிறகு படித்தேன். பெரியவரிடம் சொன்னபோது, "அங்கயும் வழுக்கத்தானே செய்யும்" என்றார்.

ஒரு வருஷமாகிறது. போடுவதற்கு முன் தலைகீழாகத் தட்டி, கையை விட்டுத் துழாவுகிறேன். காலுறையை உள்வெளியாகத் திருப்பிப் போடுகிறேன், தையல் வெளியே இருக்கும்படி. அரை மணிக்கு மேல் தண்ணீரில் நிற்பதில்லை. கரையேறியதும் விரல் இடுக்குவரை துடைத்து, மனைவியிடம் உள்ளங்காலைக் காட்ட வேண்டும். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்குப் பார்க்கிறவளைப் போலப் பார்ப்பாள். பெரியம்மாவும் சில நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போவார். கம்பளி அடி மட்டும் நாலு மாதத்துக்கு ஒரு தடவை தேய்ந்துபோகிறது. பெரியவர் புதிது தைத்துக் கொடுக்கிறார்.

காயவைப்பதில்தான் கவனம் வேண்டும். வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும். நிழலில் வைத்து, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வழவழப்பான வண்ணத்தாள் உதவாது. சாதாரணத் தாள்தான் நல்லது. எங்கள் வீட்டில் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. போன வாரம் மனைவி திணித்துவைத்திருந்த தாளை உருவிப் பிரித்துப் பார்த்தேன். என் தொடர்கதையின் ஏழாவது அத்தியாயம். ஈரத்தை நன்றாகவே உறிஞ்சியிருந்தது.