கேளாது இட்ட கையெழுத்து

தையற்காரன் ஒருவன் பிறர்க்குரிய சட்டையைத் தன் அளவிற்கே தைத்துவிட்டுத் தையல் செம்மையென மகிழ்வனாயின், அம்மகிழ்ச்சியாற் பயன் என்னை? கணிப்பொறிக்கு மென்பொருள் சமைப்போரும், அவர்க்குத் தேவை எடுத்துரைப்போரும் இவ்விழுக்கிற்கு ஆளாதல் உண்டு. யாமே ஆளாயினேம். அதனை ஈண்டு மறையாது உரைப்பாம்.

சென்ற ஆண்டு நம் நூலகத்துத் தமிழ் நூற்பட்டியைக் கணிப்பொறியில் ஏற்றக் கருதினர். வாசகர் வேண்டுவன யாவையென எம்மை வினவ, யாமும் பெருமிதத்தோடு ஒரே மாலையில், ஆசிரியர் பெயரால் தேடல், நூற்பெயர்களை அகரவரிசையிற் காட்டல், பொருள்வகையாற் பிரித்தல் எனப் பத்துத் தேவைகளை எழுதித் தந்தேம். மென்பொருளும் வந்தது. எழுதிய தாளைக் கையிற்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேம், பத்தும் அமைந்திருந்தன. கையெழுத்திட்டேம்.

மறுவாரம், அடுத்த நாளே கட்டுரை தரவேண்டிய முதலாண்டு மாணவர் ஒருவர், வீரமாமுனிவரின் சதுரகராதியைத் தேடினார். ‘இல்லை’ என்றது கணிப்பொறி. முகம் வாடித் திரும்பியவரை, அங்கு நெடுங்காலம் பணியாற்றும் அண்ணாச்சி நிறுத்தி, உள்ளே சென்று நூலைக் கொணர்ந்து கொடுத்தார். முனிவரின் இயற்பெயராகிய பெஸ்கி என்பதன்கீழ் அது பதிந்திருந்தது. “தம்பி, பிள்ளைகள் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார் அண்ணாச்சி. அச்சொல் எம்மைச் சுட்டது.

அகரவரிசையும் அவ்வாறே. ‘கனவு’ என்பது ‘கம்ப’னுக்கு முன் நின்றது. யூனிக்கோடு முறையில் னகரத்தின் எண் நகரத்தை அடுத்து நிற்பது. நம் நெடுங்கணக்கிலோ னகரம் இறுதி மெய். எண்வரிசைப்படி அடுக்கியவர் தம் கணக்கிற் பிழை செய்திலர். ‘அகரவரிசை’ என்றமட்டில் நிறுத்தி, ஓர் எடுத்துக்காட்டும் தாராத பிழை எமதே.

பாரி போம் என்னும் அமெரிக்க அறிஞர் 1984-ல் வெளியிட்ட கட்டுரையில் இதனை விளக்கியிருத்தலைக் கணிப்பொறியியல் பயிலும் தோழர் ஒருவர் எமக்கு உணர்த்தினார். எழுதியவாறு பொருள் அமைந்ததா எனச் சரிபார்த்தல் ஒன்று. அப்பொருள் ஆள்வோர்க்கு வேண்டியதுதானா என ஆய்ந்து ஏற்றல் மற்றொன்று. முன்னதைச் செய்து, பின்னதும் முடிந்ததென மயங்கினேம். எழுத்திலேயே பிழை இருப்பின், எழுத்தோடு ஒத்துப் பார்த்தல் அதனைக் காட்டுவது யாங்ஙனம்? தேவையிற் புகுந்த பிழையை மென்பொருள் சமைக்குமுன் களைதல் எளிது. பின்னர்க் களைதல் பெருஞ்செலவு என்பதும் அவ்வறிஞர் கருத்து.

பின்னர் மூன்று மாலை அண்ணாச்சியின் அருகமர்ந்து, வருவோர் கேட்கும் வினாக்களைக் கேட்டவாறே எழுதினேம். கல்கி என்பார் பலர், ரா. கிருஷ்ணமூர்த்தி என்பார் இலர். புதுமைப்பித்தன் என்பார் பலர், சொ. விருத்தாசலம் என்பார் அரியர். திரையின் உருவைத் தாளில் வரைந்து மாணவர் சிலர் கையிற் கொடுத்து, யாம் வாய் திறவாது நின்று, அவர் எங்கே தயங்குகின்றார் எனக் கண்டேம். அவ்வினாக்களையே தேர்வாக்கித் திருத்திய மென்பொருளை ஆய்ந்தபின், இரண்டாமுறை கையெழுத்திட்டேம். எம் பெயர்க்குமேல் அண்ணாச்சியின் பெயர் நின்றது.

தோழர்காள்! பிறர்பொருட்டுப் பேசும் பொறுப்பு நாளை நம்மிற் பலர்க்கும் வரும். அன்று எழுதுகோலை எடுக்குமுன், அவரருகே சிறிது அமர்ந்து கேட்போமாக.