ஆட்டத்து நாணயம்

ஒரு கோட்டையைப் பிடித்த கதையைச் சொல்லப் போகிறேன். வெற்றிக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். வென்றவன் நான்தான்; தலைகுனிந்து நின்றவனும் நான்தான்.

பவானிபூரில், ஹரீஷ் முகர்ஜி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பழைய வீட்டின் மாடியில் எங்கள் மெஸ் இருக்கிறது. மாணவர் அறுவர் தங்கியிருக்கிறோம். நான் ஒருவன் தமிழன், ஒருவன் ஒடிசாக்காரன், மற்றவர் வங்காளிகள். சனிக்கிழமை இரவு உணவு முடிந்ததும் அறுவரும் மடிக்கணினிகளைத் திறந்து அரசர்களாகிவிடுவோம். ஒருவனுக்கு மலைநாடு, ஒருவனுக்குப் பாலைநிலம். பூதப்படை உண்டு, மந்திரவாதிகள் உண்டு, பறக்கும் நாகங்களும் உண்டு. ஆனால் இவையெல்லாம் அலங்காரமே. ஆட்டத்தின் உயிர் சமையலறையை அடுத்த தாழ்வாரத்தில் இருக்கிறது. இருவர் இருவராக அங்கே சென்று காதோடு காதாகப் பேசுவோம், ஒப்பந்தம் செய்வோம், அடுத்த நிமிடமே வேறொருவனோடு அதற்கு நேர்மாறான ஒப்பந்தமும் செய்வோம்.

இத்தகைய ஆட்டங்களுக்குப் பாட்டன் என்று சொல்லத்தக்க ஆட்டம் ஒன்று உண்டு. அமெரிக்கரான ஆலன் கால்ஹேமர் 1954-இல் உருவாக்கி 1959-இல் வெளியிட்ட 'டிப்ளமசி' என்னும் பலகை ஆட்டம் அது. முதல் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பாவின் படம், ஏழு வல்லரசுகள், தாயக்கட்டை கிடையாது. 34 மையங்களில் 18-ஐப் பிடித்தவன் வென்றவன். படைக்குப் படை வலிமை சமம். ஆதலால் பிறர் துணையின்றி முன்னேறுவது அரிது. எல்லோரும் ஆணைகளை மறைவாக எழுதி ஒரே நேரத்தில் வெளிப்படுத்துவார்கள். வாயால் கொடுத்த வாக்கு ஒருவரையும் கட்டாது. ஆகவே ஏமாற்றுவது அங்கே குற்றம் அன்று. விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. எங்கள் மந்திர நாடுகளிலும் அதே சட்டம்தான்.

அப்படியானால் நான் தலைகுனிவானேன்?

எங்கள் மெஸ்ஸில் மூத்தவர் ஓர் ஆராய்ச்சி மாணவர். எல்லோருக்கும் அவர் 'தாதா'; அதாவது அண்ணன். நான் இவ்வூருக்கு வந்த முதல் மழைக்காலத்தில் மலேரியா கண்டு ஒன்பது நாள் படுத்துவிட்டேன். ஊர் புதிது, மொழியும் தெரியாது. ஒன்பது நாளும் நெற்றியில் ஈரத்துணி போட்டவர் அவர். ஜதுபாபு பஜாருக்கு நடந்து சென்று பழம் வாங்கி வந்தவர் அவர். சோற்றைக் குழைத்துக் கஞ்சியாக்கி ஊட்டியவரும் அவரே. அன்று முதல் என்னைத் 'துய்' என்றே அழைப்பார். வங்க மொழியில் முன்னிலைக்கு மூன்று சொற்கள் உண்டு. உயிருக்குயிராய்ப் பழகியவருக்குத் 'துய்', தெரிந்தவருக்குத் 'துமி', மரியாதைக்குரியவருக்கு 'ஆப்னி'.

சென்ற ஆண்டு பூஜை விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை. ஆட்டம் 60 சுற்றுகளில் முடியும். 57-ஆம் சுற்றில் எனக்கும் வெற்றிக்கும் நடுவே ஒரு கணவாய். கணவாயில் தாதாவின் படை. அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்தேன்.

"தாதா, படையை வடக்கே அனுப்புங்கள். தெற்கெல்லையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"உன்னை எப்படி நம்புவது?" என்று சிரித்தார்.

"காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி ஊட்டிய கை உங்கள் கை. அந்தக் கையையா நான் வெட்டுவேன்?"

அவர் சிரிப்பு நின்றது. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். 58-ஆம் சுற்றில் அவர் படை வடக்கே சென்றது. 59-இல் நான் கணவாயைக் கடந்தேன். 60-இல் அவர் தலைநகரில் என் கொடி பறந்தது.

"மீர்ஜாபர்! மீர்ஜாபர்!" என்று வீடே அதிர்ந்தது. நாம் 'எட்டப்பன்' என்பதை இவர்கள் 'மீர்ஜாபர்' என்பார்கள். தாதா மட்டும் கூச்சலிடவில்லை. கணினியை மூடினார். "நன்றாக ஆடினீர்கள்" என்றார். 'ஆப்னி' போட்டுச் சொன்னார்! ஒரே இரவில் 'துய்'யிலிருந்து 'ஆப்னி'க்கு உயர்ந்துவிட்டேன். அப்படியொரு பதவி உயர்வு பகைவனுக்கும் வேண்டாம்.

அந்தப் பெயர் என்னைத் தூங்கவிடவில்லை. 1757 ஜூன் 23-இல் பிளாசிக் களத்தில் படையோடு ஒதுங்கி நின்று நவாபைக் கைவிட்டவன் மீர்ஜாபர். அதே சதியில் பங்குகொண்ட உமிசந்த் என்னும் வணிகனின் கதையையும் நினைத்துப் பார்த்தேன். இரகசியத்தைக் காக்க அவன் பெருந்தொகை கேட்டான். கிளைவ் இரண்டு ஒப்பந்தங்கள் எழுதச் செய்தான். வெள்ளைத்தாள் மெய், சிவப்புத்தாள் பொய். உமிசந்தின் பங்கு சிவப்பில் மட்டுமே இருந்தது. கடற்படைத் தலைவர் வாட்சன் அந்தப் பொய்த்தாளில் கையெழுத்திட மறுத்தார். அவர் பெயரை வேறொரு கை எழுதிற்று. வெற்றிக்குப் பின், "சிவப்புத்தாள் வெறும் தந்திரம், உனக்கு ஒன்றும் இல்லை" என்று உமிசந்துக்குச் சொல்லிவிட்டார்கள்.

ஏமாந்தவனும் சதிகாரனே, அவனுக்காக அழுவார் இல்லை. ஆனால் வாட்சனின் பெயர் ஏன் தேவைப்பட்டது? அது இல்லாவிட்டால் உமிசந்த் ஐயுறுவான். சூதுக்கு வெளியே ஒருவர் ஈட்டிய நற்பெயரைத் திருடிச் சூதுக்குள்ளே செலவழித்தார்கள். நான் செய்ததும் அதுதானே? படையும் கோட்டையும் ஆட்டத்துப் பொருள்கள். காய்ச்சலும் கஞ்சியும் ஆட்டத்துப் பொருள்கள் அல்லவே!

ஆயினும் மனம் சும்மா இருக்குமா? அறிவியல் மாணவன் அல்லவா, கணக்கில் சமாதானம் தேடினேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஆக்செல்ராடு 1980-இல் வெளியிட்ட போட்டி முடிவுகள் நினைவுக்கு வந்தன. ஒத்துழைப்பதா, காட்டிக்கொடுப்பதா என்று முடிவு செய்யும் கணினி நிரல்களை அவர் ஒன்றோடொன்று மோதவிட்டார். முதற்போட்டிக்கு 14 நிரல்கள் வந்தன, இரண்டாவதற்கு 62. இரண்டிலும் வென்றது அனடோல் ரப்போபோர்ட் அனுப்பிய மிக எளிய நிரல். முதலில் ஒத்துழைக்கும், பிறகு எதிராளி சென்ற முறை செய்ததையே திருப்பிச் செய்யும். அடித்தால் அடிக்கும், திருந்தினால் உடனே மன்னிக்கும். இந்த நேர்மைக்கு அடிப்படை, நாளையும் சந்திக்க வேண்டும் என்பது. கடைசிச் சுற்று இதுதான் என்று தெரிந்துவிட்டால் பழிக்கு அஞ்ச வேண்டியதில்லை, காட்டிக்கொடுப்பதே இலாபம். ஆக, 60-இல் முடியும் ஆட்டத்தில் நான் செய்தது கணக்குப்படி சரி!

சரிதான். ஆனால் ஞாயிறு விடிந்தது. பல் துலக்கக் குழாயடிக்குப் போனேன். அங்கே தாதா நின்றுகொண்டிருந்தார். அதுதான் 61-ஆம் சுற்று. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்று நாள் 'ஆப்னி'யிலேயே கழிந்தது. நான்காம் நாள் இரவு அவர் அறைக்குச் சென்றேன். "தாதா, கோட்டையைப் பிடித்ததற்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. கஞ்சியை இழுத்ததற்குக் கேட்க வந்தேன்" என்றேன்.

நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "கோட்டை போனால் போகட்டும். அடுத்த தடவை காய்ச்சல் என்று நீ சொன்னால் நம்புவதா வேண்டாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றார். அந்த 'நீ', 'துய்'யாக இருந்தது. என் கண் கலங்கிற்று.

ஊரை விட்டு வந்திருக்கும் நமக்குக் கையிருப்பு என்ன இருக்கிறது, நண்பர்களே? உறவினர் தொலைவில், பணமோ மாதக் கடைசியில் இல்லை. பக்கத்து அறைக்காரன் நம்மீது வைத்த நம்பிக்கை ஒன்றே இருப்பு. ஆட்டத்தில் ஆட்டத்து நாணயத்தையே செலவழிக்க வேண்டும். வாழ்க்கையின் நாணயத்தை அங்கே மாற்றினால், நாணயமே போய்விடும்.

இப்போது எங்கள் மெஸ்ஸில் ஒரு புது விதி. தாழ்வாரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம்; சத்தியம் செய்வதானால் பூதத்தின்மேல் மட்டுமே செய்ய வேண்டும். சென்ற மாதம் தாதா பூதத்தின்மேல் சத்தியம் செய்துவிட்டு, மறு சுற்றிலேயே என் தலைநகரைக் கொளுத்தினார். நான் எழுந்து நின்று கைதட்டினேன்.