குற்றாலத்துச் சாரலில் ஒரு குழந்தை

ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கினால், தென்பாண்டி நாட்டார்க்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஆரியங்காவுக் கணவாய் வழியே புகும் காற்று, மலையாள நாட்டிற் பெய்த மழையின் மிச்சத்தைச் சாரலாகத் தூவிக் குற்றாலத்தையும் தென்காசியையும் குளிர்விக்கும். அத்தகைய நாளொன்றில் யாமும் நண்பர் சிலரும் பேரருவியில் நீராடித் தலை துவட்டியபடி, கடைவீதியில் ஒரு தாழ்வாரத்தின்கீழ் ஒதுங்கி நின்றோம்.

எமக்கருகே இளந்தாய் ஒருத்தி கைக்குழந்தையுடன் நின்றாள். குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடியிருந்தாள். சாரலுக்கு அஞ்சி மூடினாள் போலும் என எண்ணினோம். காற்று முந்தானையை விலக்கிய கணத்தில் உண்மை புலப்பட்டது. மேலுதடு பிளந்து, அப்பிளவு மூக்குத் துளை வரை ஏறியிருந்தது. தாய் விரைந்து மூடினாள். அதனினும் விரைவாக யாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். "கிரகணத்தன்று வெளியே நடந்திருப்பாள்" என்று எம்முள் ஒருவர் தாழ்ந்த குரலிற் கூறினார். அதனை மறுத்துரைக்கும் அறிவு எம்மில் எவருக்கும் இல்லை. அச்சொல் அவள் செவியில் விழுந்தது. அவள் யாதும் பேசாது கூட்டத்திற் கலந்து மறைந்தாள்.

கற்றோர் என்னும் பெயரைத் தாங்கித் திரியும் எமக்கு, அன்றைய அறியாமை பெரிதும் நாணந் தந்தது. ஊர் திரும்பியபின் நூல்களைப் புரட்டியும் வைத்தியரை வினவியும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் அரியன அல்ல. உலகிற் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 700க்கு ஒன்று இக்குறையுடன் பிறக்கின்றது. கருவில் முகம் உருவாகுங்கால், இருபுறத்திருந்தும் வளர்ந்துவரும் தசைகள் நடுவே கூடி உதடாகின்றன. இது கருவுற்ற 4 முதல் 7 வாரங்களுக்குள் நிகழ்வது. அண்ணம் கூடுவது 6 முதல் 9 வாரங்களுக்குள். தான் கருவுற்றதைத் தாயே தெளிவாக உணர்வதற்கு முன்னரே இவ்வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. அவ்வாறு கூடாது நின்ற இடமே பிளவு. மரபுவழியும், தாயின் உடல்நிலையும், சில மருந்துகளும், புகையிலைப் புகையும் இதற்குக் காரணமாகலாம் என்பர். பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று சுட்டிக்கூற இயலாது. ஆயினும் ஒன்று உறுதி. கிரகணத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தாயின்மீது குற்றமும் இல்லை.

இக்குறை முகத்தின் அழகோடு நிற்பதன்று. அண்ணம் பிளந்த குழந்தை பாலை உறிஞ்ச மாட்டாது. பால் மூக்கின் வழியே வெளிவரும். உடல் எடை ஏறாது. காதில் அடிக்கடி சீழ் பிடிக்கும். வளர்ந்தபின் சொற்கள் மூக்கொலியாய்க் குழறும். பேச்சுக் குழறவே பள்ளியில் நகையும், நகை பொறாமற் பள்ளியை விடுதலும் தொடர்கின்றன.

இதனைச் சீர்ப்படுத்தும் சத்திர சிகிச்சையோ வியக்கத்தக்க எளிமை உடையது. குழந்தை பிறந்து மூன்று முதல் ஆறு திங்களுக்குள் உதட்டையும், ஒன்றரை ஆண்டிற்குள் அண்ணத்தையும் இணைப்பது வழக்கம். உட்தோல், தசை, வெளித்தோல் ஆகிய மூன்றையும் வைத்தியர் தனித்தனியே சேர்த்துத் தைக்கின்றார். உதட்டை இணைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும். பின்னர்ச் சிலருக்குப் பேச்சுப் பயிற்சியும் பல்வரிசைச் சிகிச்சையும் வேண்டப்படும்.

இச்சிகிச்சை ஏழை மக்களுக்குப் பொருட்செலவின்றிக் கிடைக்கின்றது என்பதே யாம் அன்று அறியாதிருந்த பெருஞ்செய்தி. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் தோன்றிய 'ஸ்மைல் டிரெயின்' என்னும் தரும ஸ்தாபனம், அந்தந்த நாட்டு வைத்தியர்க்கே பயிற்சியும் பொருளும் உதவி, அந்தந்த ஊர் ஆஸ்பத்திரிகளிலேயே இச்சிகிச்சையை இலவசமாகச் செய்விக்கின்றது. அயல்நாட்டு வைத்தியர் வந்து சின்னாள் தங்கிச் சென்றுவிட்டால், அடுத்த திங்களிற் பிறக்கும் குழந்தைக்கு யார் உளர்? உள்ளூர் வைத்தியரோ ஆண்டு முழுதும் உளர். இம்முறையில் இதுவரை 15 இலட்சத்திற்கு மேற்பட்ட சிகிச்சைகள் நிகழ்ந்துள்ளன.

நம் மலைக்கு அப்புறத்து மலையாள நாட்டிலே, திருச்சூர் ஜூபிலி மிஷன் ஆஸ்பத்திரியிற் பணிபுரிந்த டாக்டர் ஹிர்ஜி ஆடன்வாலா என்பாரை இங்கு நினைத்தல் தகும். பார்சி வகுப்பினராகிய அவர், 1959இல் அக்கிறிஸ்தவ ஆஸ்பத்திரிக்கு வந்து, தம் வாழ்நாளை இக்குழந்தைகளுக்கே ஈந்து, 2020இல் மறைந்தார். தாம் நிறுவிய சிகிச்சை நிலையத்திற்குத் தம் பெயரை இடாது, தமக்குக் கற்பித்த சார்லஸ் பின்டோவின் பெயரை இட்டார்.

வடகாசியிலும் ஒரு வைத்தியர் உளர். டாக்டர் சுபோத் குமார் சிங் என்பார் அவர். அவரிடம் சிகிச்சை பெற்ற பிங்கி என்னும் ஏழைச் சிறுமியைப் பற்றி, மேகன் மைலன் என்னும் அம்மையார் 2008இல் எடுத்த 'ஸ்மைல் பிங்கி' என்னும் குறும்படம், 2009இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. அப்படத்தில் எம் உள்ளத்தை ஈர்த்தவர் வைத்தியர் மட்டும் அல்லர். ஊர் ஊராய் அலைந்து, இத்தகைய பிள்ளைகளைத் தேடி, 'பணம் வேண்டா, வந்தாற் போதும்' என்று பெற்றோரைத் தேற்றும் தொண்டரே எம்மை மிகுதியும் ஈர்த்தார். அவர் நடவாதிருந்தால் பிங்கி வைத்தியரை அடைந்திராள்.

நம் நாட்டு அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி, வைத்தியக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று பிறவிக்குறைகளைக் கண்டறிகின்றனர். அப்பிறவிக்குறைகளின் பட்டியலில் பிளவுண்ட உதடும் உண்டு. ஆயினும் முந்தானைக்குள் மறைந்த குழந்தையை எக்குழு காணும்? பீடி சுற்றி நாட்கூலியிற் பிழைக்கும் தாய்க்கு, இரண்டு நாள் வேலையை விட்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குச் செல்வதே பெருஞ்செலவு. அங்கே யாரைக் காண்பது, என்ன கேட்பது என்று சொல்லுவாரும் இலர். பணமும் வைத்தியரும் உள்ள இடத்திலும், சொல்லுவார் இன்மையாற் குழந்தை பிளந்த உதட்டுடன் வளர்கின்றது.

மாணவ நண்பர்களே, கடையநல்லூர், சுரண்டை, ஆலங்குளம், பாவூர்சத்திரம் எனப் பல ஊர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வருகின்றீர்கள். விடுமுறையில் ஊர் செல்லுங்கால், இத்தகைய குழந்தை உண்டா என்று அங்கன்வாடி ஆசிரியையிடமும் கிராமச் செவிலியிடமும் வினவுங்கள். உண்டெனின், அவ்வீட்டிற்குச் சென்று இது தெய்வக் குற்றமன்று, தீர்வது என்று சொல்லுங்கள். வேண்டுமாயின் ஒருநாள் ஆஸ்பத்திரி வரை உடன் செல்லுங்கள். இதற்குப் பட்டமும் வேண்டா, பணமும் வேண்டா.

15ஆம் நூற்றாண்டிலே தென்காசிக் கோயிலை எடுத்த பராக்கிரம பாண்டியன், அங்கே ஒரு கல்வெட்டுப் பாடலை விட்டுச் சென்றான். பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் பழுது நேருமாயின், அதனைச் செப்பனிடுவோர் எவராயினும் அவர் காலில் வீழ்ந்து பணிகின்றேன் என்பது அதன் கருத்து. மன்னன், தான் காணப்போகாத, குலமும் ஊரும் அறியாத மக்களை முன்கூட்டியே வணங்குகின்றான். நெடுங்காலம் சிதைந்து நின்ற அக்கோயிலின் இராஜகோபுரமும் புதுப்பிக்கப்பெற்று, 1990இற் குடமுழுக்குக் கண்டது. கல்லிற் பழுது தீர்ப்பார்க்கே முடிமன்னன் வணக்கம் உரியதாயின், குழந்தையின் முகத்திற் பழுது தீர்ப்பார்க்கும், தீர்ப்பாரிடம் அதனைக் கொண்டு சேர்ப்பார்க்கும் எத்துணை வணக்கம் உரியது!

அத்தாயை யாம் மீண்டும் காணவில்லை. அவள் ஊரும் பேரும் அறியோம். அடுத்த சாரற்காலத்தில் அவளையோ அவள் போன்ற ஒருத்தியையோ காண்போமாயின், முகத்தைத் திருப்பமாட்டோம். "அம்மா, குழந்தைக்கு எத்தனை மாதம்?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குவோம்.