விந்தைக் கதையும் நன்னெறியும்

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் மக்கள் பலர்க்குக் கொல்லிமலை நாள்தோறும் கண்ணிற்படும் காட்சியாகும். அம்மலையில் தெய்வத் தன்மை வாய்ந்த பாவை ஒன்று உண்டென்றும், பெருங்காற்று மோதினும், இடி விழினும், நிலம் நடுங்கினும் அதன் எழில் குன்றாதென்றும் நற்றிணை கூறுகின்றது. அப்பாவை தன் புன்னகையால் பகைவரை மயக்கி மாய்க்கும் என்பது வழிவழி வந்த கதை. இதனைப் பாட்டியின் வாயிலாகக் கேட்கும் சிறுவன், “அழகாகச் சிரிப்பவரெல்லாம் நல்லவர்தாமா?” என்று வினவுதல் இயல்பு. அவ்வினா தோன்றும்போதே அவன் உள்ளத்தில் நன்மை தீமைகளை ஆராயும் அறிவு முளைவிடுகின்றது.

இத்தகைய கதைகளைச் சிறுவர்க்குச் சொல்லுதல் தகுமோ என்று ஐயுறுவாரும் உளர். பூதமும் வேதாளமும் பொய். பொய்யைக் கேட்டு வளரும் பிள்ளை மெய்யை எங்ஙனம் அறியும் என்பது அவர்தம் வினா. அஃது எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும், கதையில் வரும் பொருள் பொய்யாயினும், அப்பொருள் கைக்கு எட்டியபோது மனிதன் காட்டும் மனப்பான்மை மெய்யே. விந்தைப் பொருள் பொன்னின் மாற்றைக் காட்டும் உரைகல் போன்றது.

ஆசிரியர் நோக்கும்போது அடங்கியிருக்கும் மாணவன், அவர் அகன்றபின் எவ்வாறு நடப்பான்? தண்டனைக்கு அஞ்சிக் காக்கப்படும் ஒழுக்கம் அச்சம் நீங்கியவுடன் நீங்கிவிடும். இவ்வுண்மையை உணர்த்தக் கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் ‘குடியரசு’ என்னும் நூலில் ஒரு மாய மோதிரத்தின் கதையை அமைத்துள்ளார். அம்மோதிரத்தைத் திருப்பினால் அணிந்தவன் உருவம் பிறர் கண்ணுக்குப் புலப்படாது. அதனைப் பெற்ற இடையன் ஒருவன் அரசனைக் கொன்று நாட்டைக் கவர்ந்தான். காண்பார் இல்லை என்ற துணிவு அவன் உள்ளத்தின் அழுக்கை வெளிக்கொணர்ந்தது.

தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையில் வரும் அமுதசுரபியும் அத்தகைய உரைகல்லே. எடுக்க எடுக்கக் குறையாது உணவளிக்கும் அப்பாத்திரம் முதலில் ஆபுத்திரன் என்பானுக்குக் கிடைத்தது. அவன் அதனைக் கொண்டு பசித்தோரை எல்லாம் ஊட்டினான். பின்னர் நாட்டில் மழை பெருகி வளம் சிறந்தமையால், இரப்போர் இலராயினர். ஈவதற்கு ஆளைத் தேடிக் கப்பலேறிச் சென்ற அவன், ஆளற்ற மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டான். அப்பாத்திரம் அவன் ஒருவனை ஆயுள் முழுதும் காத்திருக்கும். ஆனால், பலர் பசி போக்கும் பாத்திரத்தால் தன் வயிறு ஒன்றையே வளர்ப்பதற்கு அவன் உடன்படவில்லை. அதனைக் கோமுகிப் பொய்கையில் விடுத்து, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். இடையனையும் இவனையும் தடுப்பார் எவரும் இலர், காண்பாரும் இலர். எனினும், இருவர் செயலுக்கும் இடையே எத்துணை வேற்றுமை!

வேறு சில கதைகள் வினா வடிவில் மனத்தைச் சோதிக்கும். சேலம் நகராட்சித் தலைவராக 1917-ஆம் ஆண்டில் பொறுப்பேற்றவரும், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-ஆம் ஆண்டில் காந்தி ஆசிரமத்தை நிறுவியவருமான இராஜாஜி, மகாபாரதத்தை ‘வியாசர் விருந்து’ என எளிய தமிழில் எழுதினார். அதில் நச்சுப் பொய்கைக் கதையும் உண்டு. யக்ஷன் வினவிய வினாக்களுக்கெல்லாம் தருமன் விடை பகர்ந்தான். மாண்டு கிடந்த தம்பியருள் ஒருவனை மட்டும் எழுப்பலாம் என்று யக்ஷன் கூறியபோது, வீமனையோ அருச்சுனனையோ அவன் கேட்டிலன், நகுலனைக் கேட்டான். குந்திக்கு ஒரு மகன் இருப்பதுபோல் மாத்திரிக்கும் ஒருவன் இருத்தல் வேண்டும் என்பது அவன் கருத்து. வலிமையினும் நடுவுநிலைமையே பெரிதெனக் கொண்ட அவ்விடையால் அனைவரும் உயிர் பெற்றனர்.

சேலம், நாமக்கல் பகுதிகளில் விடியுமளவும் நிகழும் தெருக்கூத்தும் இவ்வகைக் கல்விச்சாலையே. சுடலை காக்கும் அரிச்சந்திரன், இறந்த மைந்தனை ஏந்தி வந்த மனைவி சந்திரமதியிடமே கூலி கேட்கும் கட்டத்தில் கல்நெஞ்சும் கரையும். கேட்பது கடமையா, கொடுமையா என்று காண்போர் உள்ளம் தடுமாறும். இளமையில் அரிச்சந்திர நாடகத்தைக் கண்ட காந்தியடிகள், அதனை மனத்தினுள் பன்முறை தாமே நடித்துப் பார்த்ததாகத் தம் சுயசரிதையில் கூறுகின்றார். அவனைப்போல் எல்லாரும் வாய்மை காத்தல் ஏன் ஆகாது என்ற வினா அவர் உள்ளத்தில் இரவும் பகலும் எழுந்ததாம். அரிச்சந்திரன் வரலாற்றில் வாழ்ந்தவன் அல்லன் என்று பிற்காலத்தில் அவர் கருதினார்; ஆயினும், தம்மளவில் அவன் உயிருள்ள உண்மையே என்றார். எந்த ஆசிரியரும் அவ்வினாவை எழுதிக் கொடுத்து அவரை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. அது தானே முளைத்தது, ஆதலின், நிலைத்தது.

ஈண்டுக் கற்பிப்போர் அறியத்தக்கது ஒன்று உண்டு. கதை முடிந்ததும், “இதனால் அறியப்படும் நீதி யாது?” என்று கேட்டு, அந்நீதியைத் தாமே எழுதிப் போடுதல் எளிது. அவ்வாறு செய்யின், மாணவன் அதனைத் தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவான். விக்கிரமாதித்தன் தோளில் ஏறிய வேதாளம் அங்ஙனம் செய்யவில்லை. கதையைச் சொல்லி, வினாவை எழுப்பி, விடையை அரசனுக்கே விட்டது. ஒவ்வொரு முறையும் அவன் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அவ்வகையில் அவ்வேதாளம் ஒரு நல்லாசிரியனே எனலாம்.

ஆகவே, ‘உன் கையில் அமுதசுரபி இருப்பின் என் செய்வாய்? தருமன் நிலையில் நீ எவனை எழுப்புவாய்?’ என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் சற்றே பொறுத்திருத்தல் வேண்டும். மாணவன் சொல்லும் முதல் விடை தன்னலம் சார்ந்ததாகவும் இருக்கலாம். அதற்காக அவனைக் கடிந்துகொண்டால், அடுத்த முறை ஆசிரியர் விரும்பும் விடையைச் சொல்லவே அவன் கற்றுக்கொள்வான். தன் உள்ளத்தை மறைத்துக்கொள்வான். பிற மாணவர் விடைகளையும் கேட்டுத் தானே எண்ணித் தெளிவானாயின், அத்தெளிவு அவனுக்கு உரிமையாகும். அமுதசுரபி எவர்க்கும் கிடைக்கப்போவதில்லை. ஆயினும், பசித்த தோழன் அருகில் இருக்கத் தன் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்க்கும் நேரம் ஒவ்வொரு மாணவனுக்கும் வரும். காண்பார் எவரும் இலராயினும், அப்போது அவன் கை பகுத்துக் கொடுக்குமாயின், அவன் கேட்ட கதை பயன் தந்ததாகும்.